போருக்குப் போய் வந்தவன் மறுபடி கடைக் கணக்கு எழுத முடியுமா? ப.சிங்காரம் வாழ்க்கையும் இரண்டு நாவல்களும்

சென்ட்ரல் போகிற ரயில் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து சிக்னலுக்காக நிற்கும். தினமும் வந்துபோகிறவர்களுக்குப் பழகிப்போன விஷயம்தான். ஐந்து நிமிஷமா, பதினைந்து நிமிஷமா என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள்.

அடுத்த முறை ரயில் அங்கே நிற்கும்போது ஒருமுறை வெளியே பாருங்கள். ஒரு பக்கம் வியாசர்பாடி, இன்னொரு பக்கம் புளியந்தோப்பு, கிழக்கே போனால் ராயபுரம், துறைமுகம். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் வியாசர்பாடி, எண்ணூர் என்று வட சென்னையின் பல இடங்களில் குடியேறின. 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. அத்தோவும் மொய்ங்காவும் நம்ம சாயங்கால டிபன் ஆனது அப்படித்தான்.

அத்தோ நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைக் கொண்டுவந்தவர்களின் மனசுக்குள் என்ன இருந்தது? அவர்களில் வயதானவர்கள் 1942-ல் ஜப்பான் குண்டுவீச்சையும் பார்த்தவர்கள். அந்தப் போர் பர்மா, மலேயா, சுமத்ரா என்று தமிழர்கள் பிழைக்கப்போன ஊர்களில் எல்லாம் நடந்தது. தப்பித்து வந்தவர்கள் அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தமிழில் நாவலாக எழுதியவர்கள் மிகக் குறைவு. அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ப.சிங்காரம்.

அவர் சென்னைக்காரர் அல்ல. சிங்கம்புணரியில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து மறைந்தவர். ஆனால் வட சென்னையின் கதையைப் புரிந்துகொள்ள அவருடைய இரண்டு நாவல்களும் தேவை. ஏன் என்று பார்ப்போம்.

சென்னைக்கு அந்தப் போர் எவ்வளவு தூரம்?

சென்னை போரைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்த ஊர். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு அருகில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. கெட்டிக்கார, பயமுறுத்துகிற ஆளை இன்றைக்கும் எம்டன் என்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்ற பயத்தில் ஏராளமானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆனால் படையெடுப்பு வரவில்லை. போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

அவ்வளவுதான். நமக்குப் போர் ஒரு வதந்தி, ஒரு பயம், பேச்சுவழக்கில் ஒரு சொல். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழர்களுக்கு அது மூன்றரை வருட வாழ்க்கை. ஒரே மொழி பேசுகிற மக்கள்தான், ஆனால் இரண்டு விதமான நினைவு. இந்த இடைவெளிதான் சிங்காரத்தின் வாழ்க்கையையும் எழுத்தையும் கடைசிவரை துரத்தியது.

யார் இந்த சிங்காரம்?

1920 ஆகஸ்ட் 12 அன்று, இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் சிங்கம்புணரியில் பிறந்தார். மதுரையில் பள்ளிப் படிப்பு. அந்தப் பகுதியில் அப்போது ஒரு பையன் தலையெடுக்க இருந்த வழிகளில் ஒன்று கப்பல் ஏறுவது. ரங்கூன், பினாங்கு, மெடான், சைகோன் என்று கடல் முழுக்கத் தமிழர்களின் வட்டிக்கடைகள் இருந்தன.

1938-ல், 18 வயதில், சிங்காரமும் கப்பல் ஏறினார். போய்ச் சேர்ந்த இடம் மெடான். அப்போது டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ரா தீவின் பெரிய வணிக நகரம். அங்கே ஒரு தமிழரின் கடையில் வேலை.

அந்தக் கடைகளுக்கு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. பல கடைக்காரர்கள் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கு ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். வேலைக்கு வரும் சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள். கடைசியில் மேலாள். சில வருடங்களுக்கு ஒரு தவணை முடித்து, ஊருக்குப் போய், கல்யாணம் செய்து, மறுபடி கப்பல் ஏற வேண்டும். குனிந்த தலை, சுத்தமான கணக்கு, அளந்த பேச்சு. இதுதான் நல்ல பையனுக்கு அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாவலில் வரும்.

சிங்காரம் பிறகு அங்கேயே மராமத்துத் துறையிலும் வேலை பார்த்தார். திருமணமும் அங்கேதான். ஆனால் மனைவி பிரசவத்தின்போது இறந்துபோனார், குழந்தையும் பிழைக்கவில்லை. அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

போர் அங்கே எப்படி வந்தது?

1941 டிசம்பரில் பினாங்கு மீது ஜப்பான் குண்டு போட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ஜப்பான் படை சுமத்ராவில் இறங்கி மெடானைப் பிடித்தது. அதுவரை அசைக்க முடியாதவர்கள் என்று எல்லோரும் நம்பிய வெள்ளைக்கார அரசுகள் சில வாரங்களில் காணாமல் போயின.

அடுத்த மூன்றரை வருடத்தில் தமிழர்களுக்கு நடந்தது சாதாரண விஷயம் இல்லை. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் திரும்பவில்லை. இன்னொரு பக்கம், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத தோட்டத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள்.

பணமும் அர்த்தம் இழந்தது. ஜப்பானியர் மலேயாவில் அச்சிட்ட நோட்டில் வாழை மரம் இருந்தது. 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதம் ஆகிவிட்டது. கணக்குப் புத்தகத்தை வேதம் போல நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வருடங்களில் சிங்காரம் நண்பர்களோடு சேர்ந்து மலேயாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே சரக்கு வணிகம் செய்தார். 1946-ல் ஊர் திரும்பினார். 1947-ல் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறைந்திருக்குமா என்பதே சந்தேகம். அதற்குள் ஒரு பேரரசு வீழ்ந்ததையும், இன்னொன்று வந்து போனதையும், தன் குடும்பமே இல்லாமல் போனதையும் பார்த்து முடித்துவிட்டார்.

முதல் நாவல்: திரும்பி வந்தவனுக்கு இடம் இல்லை

1950 வாக்கில் அவர் எழுதிய நாவல் ‘கடலுக்கு அப்பால்’. பதிப்பாளர்கள் எளிதில் கிடைக்கவில்லை. கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று, 1959-ல்தான் புத்தகமாக வந்தது.

கதை பினாங்கில் நடக்கிறது. செல்லையா, வானாயீனா என்ற வட்டிக்கடைக்காரரிடம் வேலை பார்த்தவன். முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் விருப்பம். முதலாளிக்கும் அவன்மேல் நம்பிக்கை. எல்லாம் சரியாகத்தான் போகிறது. நடுவில் போர் வருகிறது. செல்லையா ஐ.என்.ஏ.வில் சேர்கிறான். போர் முடிந்து உயிரோடு, கை கால் நலமாகத் திரும்பி வருகிறான்.

சினிமாவாக இருந்தால் இங்கே கல்யாணம். நாவலில் இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வானாயீனா பெண் தர மறுக்கிறார். செல்லையா கெட்டவன் ஆகிவிட்டான் என்பதற்காக இல்லை. அவன் நிமிர்ந்து நிற்கிறான், கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், ஆணையிட்டுப் பழகிவிட்டான். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுத மாட்டான் என்பது அவருடைய தீர்மானம். அவன் உட்காரத் தயார் என்றாலும் அவர் நம்பத் தயாரில்லை.

போரின் பின்விளைவு என்றால் நாம் வழக்கமாக எதைக் கற்பனை செய்வோம்? கெட்ட கனவு, திடீர் அலறல், நடுங்கும் கை. முதல் உலகப் போரில் மருத்துவர்கள் இதற்கு ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980-ல். வர்ஜினியா வுல்ஃப் 1925-ல் எழுதிய ‘மிஸஸ் டாலோவே’யில் வரும் செப்டிமஸ் என்ற முன்னாள் சிப்பாய் அப்படித்தான் உள்ளுக்குள் உடைந்துபோகிறான்.

சிங்காரம் காட்டுவது வேறு. செல்லையாவின் மனம் உடையவில்லை. அவன் முன்பைவிடத் துணிச்சலானவன். பிரச்சினையே அதுதான். அவன் வளர்ந்துவிட்டான், அவனுக்காகக் காத்திருந்த இடம் வளரவில்லை. போர் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது உயிரையோ உடம்பையோ அல்ல, பழைய வாழ்க்கைக்குள் நுழைய இருந்த அனுமதியை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வானாயீனா வில்லன் இல்லை. ஜப்பான் குண்டுவீச்சில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். மிச்சம் இருப்பது கடையும் மகளும்தான். இரண்டையும் பழைய ஒழுங்குக்குள் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறார். அந்தப் பிடிவாதமும் போர் விட்டுப்போன காயம்தான். வெளியே தெரியாத காயம்.

மரகதம்? அவள் எந்தப் போர்க்களத்துக்கும் போகவில்லை. ஆனால் கடைசியில் விலை கொடுப்பதில் அவளும் இருக்கிறாள். அவளுக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பேரேட்டில் ஒரு பற்று இன்னொரு பக்கத்துக்கு மாற்றப்படுவது போல அவள் வாழ்க்கை மாற்றி எழுதப்படுகிறது. இருவரும் பிரியும் இடத்தைச் சிங்காரம் சத்தமே இல்லாமல் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது நாவல்: திரும்ப முடியாதவன்

‘புயலிலே ஒரு தோணி’யை 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். பதிப்பாளருக்காகப் பத்து வருடம் அலைந்த பிறகு 1972-ல் வெளியானது.

நாயகன் பாண்டியன். மெடானுக்குள் ஜப்பான் படை நுழைவதில் கதை தொடங்குகிறது. கடைகள் சூறையாடப்படுகின்றன. ஜப்பானியர் கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டி, எல்லோரும் பார்க்கும்படி கடைத்தெருவில் வைக்கிறார்கள். நேற்றுவரை கடன் வசூலுக்கு நடந்த தெரு அது. நாவல் இதைப் பெரிய உணர்ச்சி எதுவும் காட்டாமல் சொல்லிவிட்டு நகர்கிறது. பயமும் பழகிப்போகும் என்பதை முதல் பக்கங்களிலேயே வாசகருக்கும் பழக்கிவிடுகிறார்.

பாண்டியன் தொங்கான் எனப்படும் பாய்மரச் சரக்குப் படகில் மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கு போகிறான். வழியில் புயல். பிறகு ஐ.என்.ஏ. பிறகு சதி, கொலை, பெண்கள், மது, நண்பர்களோடு விடிய விடியப் பேச்சு. அந்தப் பேச்சில் வெற்றுத் தமிழ்ப் பெருமை, பக்தி, அரசியல் எதையும் சிங்காரம் விட்டுவைப்பதில்லை. கேலி கேலியாகப் போகும். சிரித்துக்கொண்டே படிப்போம்.

ஆனால் பாண்டியனைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஆபத்தையும் தாண்டும்போது அவன் இன்னும் திறமைசாலி ஆகிறான், இன்னும் தனியாகிறான். ஆள் கொல்வது ஒரு கட்டத்தில் அவனுக்கு முடிக்க வேண்டிய வேலை மட்டுமே. நடுநடுவே மதுரையின் தெருக்களும், சிறுவயதில் பார்த்த ஊர்க் கடைவீதியும் அவன் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கால் ஒரு தீவில், மனம் இன்னொரு ஊரில். ஒருவனுக்குள் இரண்டு காலம் ஒரே நேரத்தில் ஓடுவதை அந்தக் காலத் தமிழ் நாவலில் இந்த அளவுக்கு வேறு யாரும் முயன்றதாகச் சொல்வது கடினம்.

போர் முடிகிறது. ஊருக்குப் போகலாம். அவன் உடனே போகவில்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்தது, டச்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள், அங்கே இன்னொரு போர் மூண்டது. பாண்டியன் அந்தக் கெரில்லாக்களோடு சேர்ந்துவிடுகிறான். அது அவனுடைய நாடு அல்ல. கொள்கையும் ஒரு காரணம்தான். ஆனால் சாதாரண வாழ்க்கை என்பது அவன் மறந்துபோன ஒரு மொழியாக ஆகிவிட்டது என்பதையும் நாவல் உணர்த்துகிறது. கடைசியில் ஊர் திரும்பலாம் என்று அவன் மனம் திரும்பும் நேரத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

இரண்டு நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்லையா திரும்ப நினைக்கிறான், சமூகம் ஏற்க மறுக்கிறது. பாண்டியனுக்குத் திரும்பும் எண்ணமே தாமதமாகத்தான் வருகிறது. போருக்குப் போனவன் வீடு திரும்ப இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும்: அவனும், அவன் வீடும். இதைத்தான் சிங்காரம் இரண்டு புத்தகங்களில் சொன்னார்.

சிங்காரம் திரும்பினாரா?

உடம்பால் திரும்பினார். 1947 முதல் 1987 வரை நாற்பது வருடம் ஒரே நாளிதழில் வேலை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஏறத்தாழ ஐம்பது வருடம் ஒற்றை அறை வாழ்க்கை. இலக்கியக் கூட்டம், மேடை, சங்கம் எதிலும் அவரைப் பார்க்க முடியாது. இரண்டு நாவல்களோடு எழுத்து நின்றுவிட்டது.

இதையெல்லாம் போர்தான் செய்தது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது நியாயம் இல்லை. மனைவி, குழந்தை இழப்பு இருந்தது. பதிப்பாளர்களுக்காகக் காத்திருந்த களைப்பு இருந்தது. இயல்பாகவே ஒதுங்கி வாழ விரும்புகிறவராகவும் இருந்திருக்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவர் எழுதியதை உடனே அடையாளம் கண்டுகொள்கிற வாசகர்கள் அப்போது இங்கே மிகக் குறைவு. தமிழ்நாட்டில் போர் நடக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியவர்கள் மெடானிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் சிதறிப் போயிருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள்.

ஐ.என்.ஏ. வீரர்களுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்கள் இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கப்படவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஒன்றிய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972-ல்தான் தொடங்கியது. ‘புயலிலே ஒரு தோணி’ வெளியான அதே வருடம்.

1997 டிசம்பர் 30 அன்று சிங்காரம் காலமானார். சேமித்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் மறைந்த பிறகு நாவல்களுக்கு மறுபதிப்புகள் வந்தன. இன்றைக்குத் தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ‘புயலிலே ஒரு தோணி’ அதில் பெரும்பாலும் இருக்கும்.

நமக்கு இதில் என்ன?

மறுபடி பேசின் பிரிட்ஜுக்கு வருவோம். எஸ்.எஸ். ரஜூலா போன்ற கப்பல்கள் பல பத்தாண்டுகள் சென்னைத் துறைமுகத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கின. 1942-ல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடும் மலையும் கடந்தார்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகள் அரசுடைமை ஆன பிறகு இன்னொரு கூட்டம் கப்பலில் வந்தது. அப்படி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கு இதே ரயிலில் ஐ.டி. கம்பெனிக்கும் வங்கிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எந்த வேலையிலும் நிலைக்காத ஒரு ரங்கூன் தாத்தா, காரணமே இல்லாமல் அரிசியைப் பதுக்கி வைக்கும் ஓர் ஆயா, பழையதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடும் ஒரு பெரியப்பா. இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். உதவாக்கரை, கஞ்சம், கோபக்காரர் என்று ஒரே சொல்லில் அவர்களை முடித்துவிடுகிறோம். வானாயீனா செல்லையாவுக்குச் செய்ததும் அதுதானே? அவர் என்ன பார்த்துவிட்டு வந்தார் என்று கேட்காமலேயே, நம்ம கடைக்கு ஆக மாட்டார் என்று முடிவு செய்துவிடுவது.

அந்தத் தலைமுறையில் இன்னும் இருப்பவர்கள் வெகு சிலர். இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள், பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

படிக்க ஆசையா? ‘கடலுக்கு அப்பால்’ சின்ன நாவல், அதிலிருந்து ஆரம்பியுங்கள். மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைச் சொற்களும் முதலில் கொஞ்சம் தடுக்கும். நிறுத்தாமல் போனால் இருபது பக்கத்தில் பழகிவிடும். பிறகு ‘புயலிலே ஒரு தோணி’. அதற்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள், சிக்னலில் நிற்கிற நேரத்தில் முடிக்கிற புத்தகம் இல்லை அது.